குண்டூசியின் பதினான்கு போட்டோக்கள்

முதலில் கேட்டை இடுப்பால் ஓர் இடி. காலிங் பெல்லெல்லாம் அப்புறம்தான். தாழ்ப்பாள் கடகடவென்று ஆடினால் நோட்டில் ஒரு சுழி. கம்பிகளுக்கு நடுவே கையை நுழைத்துப் பார்ப்பார். முழங்கை வரை உள்ளே போனால் இன்னொரு சுழி. மதிலை ஒட்டிப் போய் நின்று, தன் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து உயரம் அளப்பார். யாரோ நோட்டம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று மிரண்டுபோய் வீட்டுக்காரர்கள் கதவைத் திறக்கும்போது, "நாய் வேணும்னு எழுதிப் போட்டிருந்தீங்கல்ல? நாய்க்கு முன்னாடி நான் வந்திருக்கேன்" என்பார் பிரேக் அக்கா.

தொழில், கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பதினெட்டு வருஷமாக அதன்மேல் காலை வைத்தே உட்கார்ந்திருப்பதால் வந்த பெயர். காரின் பின்சீட்டில் பல நாள் ஒரு பிட்புல் படுத்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாயாக இருக்கும், அல்லது ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற நாயாக இருக்கும். ஒருமுறை, புதிதாகச் சேர்ந்த ஒரு குமாஸ்தா பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் பார்க்கப்போய், அண்டாவளவு தலை ஒன்று தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு ஸ்டீயரிங்கை விட்டுவிட்டார். "கண்ணாடியப் பாருங்கன்னு நாலு நாளா கத்தறேன். இன்னைக்குத்தான் பாத்திருக்கீங்க" என்றபடி அக்கா பிரேக்கை மிதித்தார்.

அவருடைய குழுவில் மொத்தம் எட்டுப் பேர். சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. ஒரு பழைய டயர் குடோனை வாடகைக்கு எடுத்துத் தடுப்புகள் போட்டு நாய்களை வைத்திருக்கிறார்கள். சண்டைக்குப் பேர்போன பிட்புல் ஜாதி மட்டும்தான். ஏன் மற்ற நாய்களை எடுப்பதில்லை என்று யாராவது கேட்டால் அக்கா சொல்வார்: "மத்த நாயப் பாத்தா ஜனங்களுக்கு 'ச்சோ ச்சோ'ன்னு வருது. இதப் பாத்தா 'ஐயோ'ன்னு வருது. அந்த ஐயோவுக்குத்தான் நாங்க இருக்கோம்."

அவருடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வீட்டில் நாய் இருக்கிற நாட்களில் சாப்பாட்டு மேஜையில் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் மடக்கி வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். "சாதுன்னு நீ சொல்ற. அது இன்னும் சொல்லலையே" என்பார். ஆனால் மருந்து வேளை தவறினால் முதலில் ஞாபகப்படுத்துவதும் அவர்தான்.

அக்காவின் வாய் கொஞ்சம் நீளம். அது ஊரறிந்தது. தத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரே வசனம்: "இவனுக்கு ஏதாவது ஆச்சு, உங்கள சும்மா விட மாட்டேன். வெளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனைக்காதீங்க." சொல்லிவிட்டுச் சிரிப்பார். பாதிப் பேர் கூடச் சிரிப்பார்கள். மீதிப் பேர் சிரிப்பது எந்த இடத்தில் என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

குண்டூசிக்குக் கையெழுத்துப் போட்டவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நாற்பது வயதுக்கு மேல். தனியாள். குரல் தொண்டையைத் தாண்டி வெளியே வர யோசிக்கும்.

மூடிப்போன பட்டறை ஒன்றின் பின்னால் சங்கிலியில் கட்டிக் கிடந்த நாய் குண்டூசி. சோறு தண்ணீர் இல்லாமல் உடம்பு வற்றிப்போய், தலை மட்டும் பெரிதாக நின்றதால் அந்தப் பெயர். ஆறு வாரம் ஆஸ்பத்திரி. முன்னங்காலில் முடியைச் சதுரமாகச் சிரைத்து, ஊசி குத்தி, பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டது. மெக்கானிக் வந்து குந்தி உட்கார்ந்ததும், அது நேராகப் போய் அவர் மடியில் அந்தப் பெரிய தலையை வைத்தது. அக்காவுக்கு அதற்குமேல் ஆதாரம் தேவைப்படவில்லை. புது நீலக் கழுத்துப்பட்டை வாங்கி, தன் கையாலேயே மாட்டி அனுப்பிவைத்தார்.

குழுவில் ஒரு விதி உண்டு. நாய் எடுத்துப்போனவர்கள் மாதம் ஒன்றாம் தேதி ஒரு போட்டோ அனுப்ப வேண்டும். முக்கால்வாசிப் பேரைத் துரத்தித்தான் வாங்க வேண்டியிருக்கும். மெக்கானிக்கிடமிருந்து காலை எட்டு மணிக்குள் வந்துவிடும். குண்டூசி வாசல்படியில். குண்டூசி பாயில். குண்டூசி, திறந்த ஃப்ரிட்ஜுக்கு முன்னால் ஜில்லென்ற காற்று வாங்கிக்கொண்டு. நேரில் போய்ப் பார்க்கிற முறை வந்தபோது, வெளியூர் வேலையாகப் போகிறேன் என்று சொன்னார். அக்கா வற்புறுத்தவில்லை. அவருடைய வீடு நகரத்தின் மறுகோடியில் இருந்தது. போய் வர அரைநாள் ஆகும். "அவர் வீட்டுக்கெல்லாம் செக்கிங் போனா நமக்குத்தான் அசிங்கம்" என்று சொல்லிப் பட்டியலில் டிக் அடித்துவிட்டார். புதிதாக நாய் கேட்டு வருகிறவர்களிடம் மெக்கானிக்கின் போட்டோக்களைக் காட்டுவார். "இவரப் பாத்துக் கத்துக்கோங்க. நாய் வளக்கறதுன்னா இது."

பதினான்கு மாதம் இப்படியே போயிற்று.

தத்து முகாமுக்கு ஒரு பேனர் அடிக்க வேண்டியிருந்தது. எந்த நாயின் படத்தைப் போடுவது என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. பதினான்காவது போட்டோவை எடுத்துக்கொண்டு பிளக்ஸ் கடைக்குப் போனார். கடைக்காரர் படத்தைத் திரையில் ஏற்றி, ஆறடிக்கு என்ன அளவு வருமோ அந்த அளவுக்கு இழுத்துப் பெரிதாக்கினார்.

"அக்கா, முன்னங்கால்ல ஒரு எடத்துல முடியே இல்ல பாருங்க. சதுரமா செரச்ச மாதிரி இருக்கு. பெருசாப் போட்டா நல்லா இருக்காது. முடி வரைஞ்சு விட்டுடவா?"

"வரைங்க, வரைங்க" என்று சொல்லிக்கொண்டே போனில் வேறு எதையோ தட்டிக்கொண்டிருந்த அக்காவின் விரல் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"முடிக்கா. கால்ல."

அக்கா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். சதுரம். ஓரங்கள் கத்தியால் கீறியதுபோல் சுத்தமாக இருந்தன. சிரைத்த முடி இரண்டு மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும். அது எந்த நாயாக இருந்தாலும் சரி.

"மத்ததையும் போடுங்க. இந்தாங்க, எல்லாத்தையும் போடுங்க."

பதினான்கு படங்களையும் கடைக்காரர் வரிசையாகத் திறந்தார். சிலவற்றில் கால் போர்வைக்குள் இருந்தது. சிலவற்றில் கால் இருக்கும் இடத்தோடு படம் வெட்டப்பட்டிருந்தது. ஆனால் நீலக் கழுத்துப்பட்டை எல்லாவற்றிலும் தெரிந்தது. கடையில் விலைச்சீட்டு தொங்கிய பிளாஸ்டிக் இழையை அன்று அவசரத்தில் முழுதாக அறுக்காமல் விட்டிருந்தார் அக்கா. பதினான்கு படத்திலும் அந்த இழை துருத்திக்கொண்டிருந்தது. பட்டையில் ஓர் அழுக்கு இல்லை. நாய்க்கு ஒரு சுற்றுச் சதைகூடப் போடவில்லை.

"எல்லாமே ஒரே வாரத்துல எடுத்தது" என்றார் அக்கா. சொன்னது தான்தானா என்று அவருக்கே தெரியவில்லை. கடைக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அக்கா உட்காரவில்லை.

பிட்புல் காணாமல் போனால் அக்காவுக்கு ஒரு நினைப்புதான் வரும். நாய்ச்சண்டை நடத்துகிறவர்களிடமிருந்து மூன்று வருஷத்துக்கு முன்னால் மீட்ட ஒரு நாயை அவர்தான் மடியில் போட்டுக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் மடியிலேயே முடிந்துவிட்டது. அந்த உடையை அவர் துவைக்கவில்லை, எரித்தார்.

நேராக மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். அங்கே கம்பவுண்டராக இருப்பவரும் குழுவில் ஒருவர்தான். அக்காவைவிட இளையவர், நிதானமானவர். "தம்பி, சிப் மெஷின எடுத்துட்டு வா" என்றார் அக்கா. குழு கொடுக்கிற ஒவ்வொரு நாயின் பிடரித் தோலுக்கடியிலும் அரிசி அளவில் ஒரு சிப் இருக்கும். மெஷினைக் கிட்டே கொண்டுபோனால் கீச்சென்று ஒலித்து எண்ணைக் காட்டும். எங்கே எந்தப் பெயரில் வைத்திருந்தாலும் தன் நாயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று அக்கா நினைத்தார்.

மெக்கானிக்கின் வீடு சந்தின் கடைசியில் இருந்தது. முன்னறைதான் பட்டறை. கதவு கழற்றிய ஃப்ரிட்ஜுகள் சுவரோரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. அக்காவைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை.

"வாங்க மேடம்..."

"குண்டூசி எங்க?"

"உள்ள... தூங்கறான்."

"எழுப்புங்க."

அவர் அசையவில்லை.

"எழுப்புங்கன்னு சொல்றேன்ல! யாருக்குத் தள்ளிவிட்டீங்க அவன? சண்டைக்காரனுங்களுக்கா? வாயத் தொறந்து சொல்லுங்க!" அக்காவின் குரல் கேட்டுப் பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

"சண்டைக்கா?" மெக்கானிக் அந்தச் சொல்லையே அப்போதுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி நின்றார். "ஐயோ மேடம். அப்படியா நெனச்சுட்டு வந்தீங்க?" கண்கள் கலங்கிவிட்டன. "வாங்க. காட்டறேன்."

கொல்லைப்புறத்தில், இரண்டு பழைய வாஷிங் மெஷின் டிரம்களுக்கு நடுவே, மண் லேசாக மேடிட்டிருந்தது. அதன்மேல் ஃப்ரிட்ஜின் கம்பித்தட்டு ஒன்றைக் கவிழ்த்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்திருந்தார், எதுவும் வந்து பறிக்காமல் இருக்க.

அக்கா நம்பவில்லை. நம்பாமல் இருப்பதைத்தான் அந்த நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றார். "தம்பி, மெஷின வை" என்றார். கம்பவுண்டர் குந்தி உட்கார்ந்து மண்மேல் மெஷினை அங்குமிங்கும் நகர்த்தினார். ஒரு சத்தமும் இல்லை.

"தோண்டுங்க."

"அக்கா, வேணாம்க்கா" என்றார் கம்பவுண்டர்.

"தோண்டச் சொல்லு."

மெக்கானிக்கே மண்வெட்டியை எடுத்தார். அவசரப்படாமல், ஓரங்களிலிருந்து, எதையும் வெட்டிவிடக் கூடாது என்கிற கவனத்தோடு தோண்டினார். ஒன்றரை முழம் போனதும் மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையால் வாரினார். மக்கிய போர்வையின் விளிம்பு தெரிந்தது. படங்களில் பார்த்த அதே கட்டம் போட்ட போர்வை. கம்பவுண்டர் மெஷினைக் குழிக்குள் இறக்கினார்.

கீச்.

திரையில் வந்த எண்ணைக் கம்பவுண்டர் வாசிக்கத் தொடங்கினார். கடைசி நான்கு இலக்கங்களை அக்காவின் உதடுகளும் கூடவே சொல்லின. அவருக்கு எல்லா நாய்களின் எண்ணும் மனப்பாடம்.

அக்கா குழியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"எப்ப?"

"கூட்டிட்டு வந்த பதினோராவது நாள் மேடம். சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். காலையில சாப்பிட மாட்டேன்னுட்டான். அப்புறம் வயிறு பானை மாதிரி உப்பிக்கிட்டே வந்துச்சு. ஓங்கரிச்சான், ஓங்கரிச்சான், ஒண்ணுமே வரல. நிக்கவும் முடியல, படுக்கவும் முடியல அவனால."

"எரப்பை முறுக்கிக்கிச்சு" என்றார் கம்பவுண்டர் மெதுவாக. "நெஞ்சு அகலமான நாய்ங்களுக்கு வர்றதுதான். சில மணி நேரம்தான் இருக்கும். அதுக்குள்ள ஆப்பரேஷன் பண்ணினா பொழைக்க வழி உண்டு."

அக்கா துள்ளி எழுந்தார். "காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருந்திருக்கீங்க. ஒரு போன். ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா நான் பறந்து வந்திருப்பேனே!"

மெக்கானிக் மண் ஒட்டிய கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பண்ணேனே மேடம்."

"எப்ப பண்ணீங்க?"

"ரெண்டு தடவ பண்ணேன். நீங்க எடுக்கல. அப்புறம் வாய்ஸ் மெசேஜ்ல எல்லாத்தையும் சொன்னேன். நீங்களும் வாய்ஸ்ல பதில் சொன்னீங்க." சட்டைப்பையில் கை போனது. பாதியில் நின்றது. "விடுங்க மேடம். நான்தான் உங்களக் கேக்காம ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கணும். என் தப்புதான்."

"போடுங்க."

"வேணாம் மேடம்."

"போடுங்கன்னு சொல்றேன்."

அவர் போட்டார். காரின் இன்டிகேட்டர் டிக்டிக்கென்று அடிக்கிற சத்தம். அதன்மேல் ஒரு பெண்குரல், உற்சாகமாக, அவசரமாக: "சார், புது எடத்துக்கு வந்த நாய் ரெண்டு நாளு அப்படித்தான் சாப்பிடாம அழும்பு பண்ணும். வயிறு உப்பினா அது காத்து. தானா எறங்கிடும். சும்மா சும்மா கூப்பிடாதீங்க சார், நான் க்ளாஸ்ல இருக்கேன். ஒரு வேள சாப்பிடாததால எந்த நாயும் செத்துப்போயிடாது." பிறகு, போனை அணைக்க மறந்த இரண்டு நொடி. யாரிடமோ, "லெஃப்ட்ல ஒடிங்க, லெஃப்ட்டுன்னா சோறு திங்கற கை இல்ல" என்று சொல்லி அந்தக் குரல் கலகலவென்று சிரித்தது.

அக்கா தன் குரலை வெளியிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அப்படியொரு நாள் வந்துபோனதே அவருக்கு ஞாபகம் இல்லை. மண்டையைக் குடைந்து பார்த்தார். எந்தத் தெரு, எந்த மாணவர், மெக்கானிக் அனுப்பிய வாய்ஸில் முதல் நாலு வார்த்தைக்குமேல் கேட்டாரா இல்லையா, எதுவுமே இல்லை. ஓர் உயிர் போன நாள் அவர் தலைக்குள் ஒரு கீறல்கூடப் போடாமல் போயிருந்தது. நாய் போட்டோக்களால் போன் நிரம்பி வழிகிறது என்று, மெக்கானிக்கின் படங்களை மட்டும் தனியே எடுத்துவைத்துக்கொண்டு, மாதாமாதம் மற்ற எல்லாவற்றையும் அழித்துவிடுவார். அதோடு இதுவும் போயிருக்கும்.

"அன்னைக்கே ஏன் சொல்லல?" இந்தத் தடவை குரலில் சத்தம் இல்லை.

"சொல்லணும்னுதான் இருந்தேன். உங்கள சும்மா விட மாட்டேன்னு சொன்னீங்களே, அதுக்கும் பயம். அதுக்குள்ள ஒண்ணாம் தேதி வந்துடுச்சு. போட்டோ எங்கன்னு எல்லாருக்கும் மெசேஜ் வந்துச்சு. இருந்ததுல ஒண்ண அனுப்பிட்டேன். அந்தப் பதினோரு நாள்ல இருநூறு படம் எடுத்திருந்தேன் மேடம், ஆசையா. நீங்க உடனே பதில் போட்டீங்க. 'பாத்தீங்களா, உப்புசம் தானா எறங்கிடுச்சுல்ல, நான்தான் சொன்னேன்ல'ன்னு. அவ்ளோ சந்தோஷமாச் சொன்னீங்க. அதுக்கப்புறம் எப்படி மேடம் சொல்றது?"

கம்பவுண்டர் எழுந்து போய் மதிலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"இப்ப நல்ல படம் எல்லாம் தீந்துபோச்சு. கால் தெரியாத படம்னு பாத்துப் பாத்துத்தான் அனுப்பினேன். போன மாசத்துக்கு வேற இல்ல." மெக்கானிக் போனைச் சட்டையில் துடைத்தார். "இந்த வாய்ஸ அழிச்சுடறேன் மேடம். சத்தியமா இதுவரைக்கும் யார்கிட்டயும் காட்டினதில்ல."

"அழிக்காதீங்க. எனக்கு அனுப்புங்க."

குழியை மூவரும் சேர்ந்து மூடினார்கள். கம்பித்தட்டைத் திரும்ப வைக்கும்போது அக்காவின் விரல் நசுங்கியது. அது அவருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் கணவரிடம் சொன்னார். அவர் பஞ்சும் மருந்துமாக உட்கார்ந்து விரலுக்குக் கட்டுப் போட்டபடி, "எத்தனை வருஷம், எத்தனை நாய். அதுல ஒண்ணு இப்படி ஆகிப்போச்சு. மனச விட்டுடாத" என்றார்.

"ஒண்ணுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அக்கா.

மறுநாள் வகுப்புகளை ரத்து செய்துவிட்டு, நாய் கொடுத்த நாற்பத்தோரு வீட்டுக்கும் போன் போட்டார். மூன்று நாள் பிடித்தது. பெரும்பாலானவர்கள் எடுத்ததுமே, "இந்த மாசம் போட்டோ அனுப்பிட்டோமே மேடம்" என்று பதறினார்கள். அந்தப் பதற்றத்தை இத்தனை வருஷமாக மரியாதை என்று நினைத்திருந்தார். ஒரு வீட்டில் நாய் ஒரு மாதமாக நொண்டிக்கொண்டிருந்தது. "கூப்பிடலாம்னுதான் இருந்தோம், நீங்க திட்டுவீங்களோன்னு..." என்று இழுத்தார்கள். இன்னொரு வீட்டில் குழந்தையைப் பார்த்து நாய் உறுமுகிறது என்று குளியலறையில் பூட்டி வைத்திருந்தார்கள், எட்டு வாரமாக. அன்று மாலையே போய் அதைக் கூட்டிவந்தார்.

முகாம் குடோனிலேயே நடந்தது. பேனரில் படம் இல்லை, எழுத்து மட்டும்தான். நாய் கேட்டு இருபது பேர் போல வந்திருந்தார்கள். மெக்கானிக்கையும் அக்கா வரச் சொல்லியிருந்தார். எதற்கு என்று தெரியாமல், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் நாற்காலி காலியாக இருந்தும் நின்றுகொண்டிருந்தார்.

வழக்கமாகப் போட்டோக்களைக் காட்டுகிற இடத்தில் அக்கா மைக்கைப் போனுக்குப் பக்கத்தில் பிடித்தார். "இது ஒரு நாயைப் பத்தினது. வயிறு உப்பிப்போயிருக்குன்னு அதை வளத்தவர் எங்க குழுவுக்குப் போன் பண்ணார். எங்க பக்கத்துலேருந்து போன பதில் இது. அன்னைக்குச் சாயங்காலமே அந்த நாய் செத்துப்போச்சு. அவர் மேல ஒரு தப்பும் இல்ல." அவ்வளவுதான் சொன்னார். பிறகு போட்டார்.

இன்டிகேட்டரின் டிக்டிக் கேட்டது. பிறகு பேச்சு. பிறகு சிரிப்பு. ஒலிபெருக்கியில் அந்தச் சிரிப்பு குடோனின் தகரக் கூரையில் போய் மோதியது. மெக்கானிக் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். குழுவைச் சேர்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மைக்கில் கேட்ட குரலும் போனில் கேட்ட குரலும் வேறு வேறாக இருந்ததால், பேசியது அக்காதான் என்று வந்தவர்களுக்குப் புரியவில்லை.

முன்வரிசையில், முதல்முறை நாய் கேட்டு வந்திருந்த ஒரு பெண் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது.

"ச்சே! ஒரு உயிரு தவிக்குதுன்னு ஒருத்தர் கெஞ்சறாரு, அதுக்குப் போயி இப்படிச் சிரிச்சுட்டுப் பேசறாங்களே. யாருங்க இவங்க?"

அக்கா மைக்கைக் கீழே வைத்தார். வருகைப்பதிவில் பேர் கூப்பிட்டதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தூக்குவார்களே, அதேமாதிரி, விரலில் கட்டுப் போட்ட வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.